வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு டவர் ஸ்பீக்கர்: இசையும் திரைப்படமும் ஒரே சோடியில் அமையுமா?

கடலோரம்

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலோர ரயில் பாதைக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். அப்பா, மனைவி, மூன்று வயது மகள், நான் என நான்கு பேர். சில ஆண்டுகளாகச் சேமித்து, முன்புறச் சோடிக்கும், படத்தில் பேச்சு வரும் நடு ஸ்பீக்கருக்குமாக 7 இலட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஸ்பீக்கர்களை இயக்கும் ஏழு சனல் ரிசீவர் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அதனை இப்போதைக்கு மாற்றப் போவதில்லை.

காலையில் கர்நாடக இசை கேட்போம், அதிலும் வாய்ப்பாட்டும் நாதஸ்வரமும்தான் அதிகம். இரவில் எண்பதுகளின் திரைப்பாடல்கள். வார இறுதியில் குடும்பத்தோடு ஒரு படம். இதுவரை பயன்படுத்திய சிறிய மினி செற்றில் மிருதங்கத்தின் இடந்தலை மேசையைத் தட்டுவது போலத்தான் கேட்கும். தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் வாங்கினால் அந்தக் குறை தீரும் என்று நம்புகிறேன்.

இன்னொரு குறையும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரியது. அப்பாவுக்கு 76 வயது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டே வளர்ந்தவர் என்பதால், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழ வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். படம் ஓடும்போது "என்ன சொன்னவன்?" என்று கேட்டுக் கேட்டுக் களைத்து, பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார். எட்டு அங்குல வூஃபர் (தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் கூம்பு) இரண்டு வைத்த பெரிய டவராக வாங்குவதா, சிறியது போதுமா, எந்த நடு ஸ்பீக்கர் பொருந்தும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

நீலாம்பரி

ஸ்பீக்கரைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் அறையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே. அறையின் நீளம், அகலம், உயரம் என்ன? தரை எப்படிப்பட்டது? தொலைக்காட்சி எந்தச் சுவரில் இருக்கிறது? சோபா எங்கே, அப்பா எங்கே அமர்கிறார்? இவை தெரியாமல் ஒரு மொடலின் பெயரைச் சொல்வது, காலை அளக்காமல் செருப்பு வாங்கித் தருவதைப் போன்றது.

கடலோரம்

மன்னிக்கவும் அக்கா, இன்று அளந்து பார்த்தேன். நீளம் 5.2 மீற்றர், அகலம் 3.6 மீற்றர், உயரம் 2.8 மீற்றர். எல்லாச் சுவர்களும் கொங்கிறீற். தரை முழுவதும் டைல்ஸ். தொலைக்காட்சி குறுகிய சுவர்ப் பக்கம் ஒரு தாழ்வான அலுமாரியின் மேல் இருக்கிறது. சோபா அதற்கு நேரெதிரே, பின்சுவரோடு ஒட்டி. வலப்பக்கம் பல்கனிக்குச் செல்லும் பெரிய கண்ணாடிக் கதவு. கடற்காற்று வருவதால் அப்பாவின் சாய்மனைக் கதிரை அந்தக் கதவடியில்தான் இருக்கிறது, அதாவது தொலைக்காட்சிக்கு நேராக இல்லாமல் நன்றாக ஒதுங்கி.

நீலாம்பரி

நன்றி, இனிப் பேசலாம். சற்று நீளமாக எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் முடிவில் பாதி இந்த அளவுகளிலேயே இருக்கிறது.

கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் பயணிக்கிறது. எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கிடையே அரை அலைநீளம் சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறையே சேர்ந்து முழங்கும். உங்கள் 5.2 மீற்றர் நீளத்துக்கு அது 34 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 67 ஹெர்ட்ஸ். அகலத்துக்கு 48, உயரத்துக்கு 62. பின்சுவரோடு ஒட்டிய சோபாவில் இருப்பவருக்கு 34, 67 ஆகிய இரண்டும் ஏறத்தாழ உச்ச அளவில் கேட்கும். எந்தப் பாட்டைப் போட்டாலும் அந்த ஒரு சுரம் மட்டும் வீங்கி நிற்கும். அதைப் பலர் ஸ்பீக்கரின் குணம் என்று எண்ணி ஸ்பீக்கரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படிக்கும்போது இன்னொன்றையும் மனதில் வைத்திருங்கள். மரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த வீடுகளில் அந்தச் சுவர்களே சற்று அதிர்ந்து தாழ்சுரத்தில் ஒரு பகுதியை உறிஞ்சிவிடும். நம்முடைய கொங்கிறீற் சுவர் அதை அப்படியே திருப்பி அனுப்பும். ஆகவே அங்கே "அளவான பேஸ்" என்று எழுதப்பட்ட அதே ஸ்பீக்கர் இங்கே அதிகமாக முழங்கக்கூடும். மிகத் தாழ்ந்த 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பெரிய டவரை இந்த அறையில் வைத்தால், அது உங்கள் 34 ஹெர்ட்ஸை நேராகத் தட்டி எழுப்பும். 40 ஹெர்ட்ஸ் அளவிலேயே ஒலி குறையத் தொடங்கும் சிறிய டவர் அந்த முழக்கத்துக்கு அவ்வளவு தீனி போடாது. குறையும் சிறிதளவை அறையே ஈடுசெய்துவிடும்.

அடுத்தது, ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள சுவர். வூஃபரிலிருந்து பின்னோக்கிச் சென்று சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, அந்தத் தூரம் கால் அலைநீளமாக அமையும் அதிர்வெண்ணில் நேரடி ஒலியோடு முரண்பட்டு அதை அழிக்கும். வூஃபர் சுவரிலிருந்து 60 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால் அது 145 ஹெர்ட்ஸ் அளவில் நிகழும், 1 மீற்றர் என்றால் 87 ஹெர்ட்ஸில். ஆண் குரலின் அடித்தளம் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது என்பதால், சில சென்ரிமீற்றர் நகர்த்துவதுகூடக் குரலின் கனத்தை மாற்றிவிடும். வாங்கிய பிறகு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை நகர்த்திக் கேட்பதற்கென்றே ஒதுக்குங்கள்.

கடைசியாக ஒன்று. அறையின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். "டிர்ர்ர்" என்று ஒரு சில்லிட்ட வால் கேட்குமானால், அப்பாவின் "என்ன சொன்னவன்?" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கே இருக்கிறது.

தவில்நேசன்

நீலாம்பரி சொன்னவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டுத் தம்பி பயந்து போய்ச் சிறிய பெட்டிகளை வாங்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் முன்வரிசையில் இருந்து கச்சேரி கேட்டவர்களுக்குத் தெரியும், மிருதங்கத்துக்கு ஓசை மட்டுமல்ல, சுருதியும் உண்டு. வலந்தலையின் நடுவிலுள்ள கரிய பூச்சு, தோலின் மேற்சுரங்களை ஒன்றுக்கொன்று இசைவானவையாக ஆக்குகிறது என்பதை சி. வி. ராமன் 1920இல் சுருக்கமாகவும் 1934இல் விரிவாகவும் எழுதியிருக்கிறார். இடந்தலையில் ரவைக் கலவையை ஒட்டி இறக்கிய அந்தக் "கும்" என்ற நாதம், சறுக்கிக்கொண்டே கீழே போவதைக் கேட்பதுதான் ஒரு ஸ்பீக்கரின் உண்மையான பரீட்சை. நான்கு அங்குல வூஃபர் ஒன்று அதைச் செய்ய முயன்று மூச்சு வாங்கும். டவரில் இரண்டு வூஃபர்கள் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொன்றும் குறைவாகவே அசைகிறது. குறைவாக அசையும்போது கலக்கமும் குறைகிறது. தவிலுக்கும் இதுவே. திடீரென்று விழும் அடியைத் தயக்கமில்லாமல் கொடுக்க, காற்றைத் தள்ளும் பரப்பு வேண்டும்.

திரைப்பாடல்களைப் பொறுத்தவரை, பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அலுமாரித் தட்டில் வைக்கும் பெரும்பாலான சிறிய பெட்டிகள் 50, 60 ஹெர்ட்ஸிலேயே கைவிடத் தொடங்கிவிடும். மேலும், சிறிய பெட்டியை முறையாக வைப்பதற்குத் தாங்கி வேண்டும். அந்தத் தாங்கியும் டவர் எடுக்கும் அதே இடத்தைத்தான் எடுக்கும், மூன்று வயதுப் பிள்ளை ஓடித் திரியும் வீட்டில் அதன் மேலிருக்கும் பெட்டி டவரை விட எளிதாகக் கீழே விழும்.

நீலாம்பரி

தவில்நேசன் அண்ணா சொன்ன தாங்கி விடயம் சரியானது, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் படத்துக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. ரிசீவரில் வழக்கமாக 80 ஹெர்ட்ஸில் பிரித்து, அதற்குக் கீழுள்ளதை எல்லாம் தாழ்சுரத்துக்கென்றே உள்ள தனிப் பெட்டியான சப்வூஃபருக்கு அனுப்புவோம். அவ்வாறு செய்த கணமே, டவருக்காக நீங்கள் கொடுத்த காசில் ஒரு பகுதி சும்மா இருக்கும். வெடிச் சத்தத்துக்கும் இடிக்கும் ஒதுக்கப்பட்ட தாழ்சுரத் தடம் மற்றத் தடங்களை விட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்குமாறு வகுக்கப்பட்டது. அதை எந்த வீட்டு டவரும் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. சப்வூஃபருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதை அறையில் எங்கே தாழ்சுரம் சீராக எழுகிறதோ அங்கே வைக்கலாம், டவரின் வூஃபரோ உயர்ந்த சுரங்களுக்கான ட்வீட்டர் நிற்கும் இடத்திலேயே நின்றாக வேண்டும்.

தவில்நேசன்

உண்மைதான். ஆனால் காலை ஆறு மணிக்குப் பாட்டுக் கேட்பவர் சப்வூஃபரைப் போட மாட்டார். இரண்டு ஸ்பீக்கர்களோடு நேரடியாகக் கேட்பார். அவர் வாழ்க்கையில் படம் வாரத்துக்கு ஒன்று, பாட்டு நாளுக்கு இரண்டு வேளை. எதை அதிகம் செய்கிறோமோ அதற்கே முதலில் வாங்க வேண்டும். ஆகவே என் கருத்து இதுதான்: ஒடுக்கமான சிறிய டவர் சோடி, அதே வரிசையைச் சேர்ந்த நடு ஸ்பீக்கர். சப்வூஃபரை அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

நீலாம்பரி

சிறிய டவர் என்றால் எனக்கும் உடன்பாடே.

மரப்பெட்டி

கொட்டாஞ்சேனையில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய ஸ்பீக்கர் பெட்டிகளைத் திருத்தித் தருவதும் உண்டு. ஒலியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். கடலோரத்து வீட்டில் பெட்டிக்கு என்ன நடக்கும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

அண்மையில் ஒருவர் கொண்டுவந்த டவர் சோடியைத் திருப்பிப் பார்த்தபோது, அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்துக்குப் பலகை தேநீரில் தோய்த்த பிஸ்கட்டைப் போல ஊதி, மேலிருந்த மெல்லிய தாள் பூச்சு வெடித்து உரிந்திருந்தது. மழையும் இல்லை, ஒழுக்கும் இல்லை. ஒவ்வொரு நாளும் டைல்ஸ் தரையை ஈரத் துணியால் துடைத்ததே காரணம். ஏறக்குறைய எல்லா ஸ்பீக்கர் பெட்டிகளும் மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையில் செய்யப்பட்டவை. அந்தப் பலகையின் வெட்டு முனை தண்ணீரை விளக்குத் திரி போல உறிஞ்சும். ஆகவே டவர் ஒருபோதும் தரையைத் தொடக் கூடாது. கூர்முனைக் கால்கள் டைல்ஸைக் கீறும், சில வேளை வெடிக்கவும் வைக்கும். ஆதலால் ரப்பர் கால்களைப் பூட்டி, அதன் கீழ் இரண்டு அங்குலக் கருங்கற் பலகை ஒன்றை வையுங்கள். பிள்ளை சாய்ந்தாலும் எளிதில் விழாதபடி அந்தப் பலகை டவரை விட அகலமாக இருக்கட்டும்.

பழைய ஸ்பீக்கர் வாங்க எண்ணினால், வூஃபரின் விளிம்பை முதலில் பாருங்கள். கரிய ஸ்பொஞ்சு விளிம்பாக இருந்தால் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அது தூளாகிவிடும். விரலால் தொட்டதும் அடுப்புக் கரி போல ஒட்டிக்கொண்டு வரும். ரப்பர் விளிம்பு பல மடங்கு தாங்கும்.

வயர் விடயத்தில் காசைக் கொட்ட வேண்டாம். 2.5 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள நல்ல செப்பு வயர் உங்கள் அறைக்குப் போதும். ஆனால் உப்புக் காற்றில் வெறும் செப்பு முனை பச்சை பிடிக்கும். ஆண்டுக்கு ஒரு முறை முனையிலிருந்து ஒரு சென்ரிமீற்றரை வெட்டிவிட்டு, புதிய செம்பை இறுக்கிப் பூட்டுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை தொடங்கினால் ரிசீவரின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

கடலோரம்

ஐயா, மிக்க நன்றி. எங்கள் வீட்டிலும் தினமும் தரை துடைப்பதுண்டு. இதை நான் நினைத்தும் பார்க்கவில்லை. இன்னொரு சந்தேகம். என் ரிசீவர் ஒரு சனலுக்கு 80 வாட்ஸ் என்கிறது. பார்த்து வைத்த டவர்களில் சில "200 வாட்ஸ் வரை" என்கின்றன, மின்தடை சிலவற்றுக்கு 6 ஓம், சிலவற்றுக்கு 4 ஓம். 80 வாட்ஸ் அவற்றுக்குப் போதுமா?

தவில்நேசன்

வாட்ஸைப் பற்றிய பயம் தேவையில்லாதது, தம்பி. ஸ்பீக்கரில் அச்சிட்டிருக்கும் 200 என்பது அது தாங்கும் எல்லையே தவிர, அது கேட்கும் உணவு அல்ல. பார்க்க வேண்டியது உணர்திறன் எண். 88 டெசிபல் என்றால், 2.83 வோல்ற் கொடுக்கும்போது ஒரு மீற்றர் தூரத்தில் அந்த அளவு ஒலிக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 1 வாட்ஸ். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்ற்றேஜ் 2 வாட்ஸ் ஆகிவிடும், ஆகவே ஒப்பிடும்போது அதையும் கவனியுங்கள். நீங்கள் 2.8 மீற்றரில் அமர்ந்தால், திறந்த வெளிக் கணக்கில் 9 டெசிபல் குறைந்து 79 வரும். வீட்டில் 75 என்பதே பலருக்குத் தாராளமான சத்தம். அதாவது நாளாந்தம் நீங்கள் ஒரு வாட்ஸைக்கூட முழுதாகச் செலவழிப்பதில்லை. தவிலின் திடீர் அடி சராசரியை விட 20 டெசிபல் மேலே தாவினாலும், ஒரு ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 40 வாட்ஸ் போதும். அறையும் மற்ற ஸ்பீக்கரும் அதற்குக் கைகொடுக்கும். வலுவை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. 80 வாட்ஸிலிருந்து 160க்குத் தாவுவதால் உங்கள் காதுக்குப் பெரிய மாற்றம் தெரியாது.

ஓம் விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கர் ரிசீவரிடமிருந்து அதிக மின்னோட்டத்தை இழுத்து அதைச் சூடாக்கும். உங்கள் ரிசீவர் மூடிய அலுமாரிக்குள் இருந்தால் அதன் கதவைத் திறந்து வையுங்கள், மேலே ஒரு சாண் இடம் விடுங்கள்.

பின்வரிசை

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் பிரச்சினையை எல்லோரும் தொட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று தோன்றுவதால் எழுதுகிறேன். என் அம்மாவுக்கும் இதே நிலைதான் இருந்தது. அதனால் இதில் எனக்கு அக்கறை அதிகம்.

நடு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை, ட்வீட்டருக்கு இரு பக்கமும் ஒவ்வொரு வூஃபரை வைத்துக் கிடையாகப் படுக்க வைத்தவை. நேரெதிரே இருப்பவருக்கு இரண்டு வூஃபர்களும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. ஆனால் பக்கத்தில் ஒதுங்கி இருப்பவருக்கு ஒன்று கிட்டவும் மற்றது தூரவும் ஆகிவிடுவதால், ட்வீட்டர் பொறுப்பேற்பதற்குச் சற்றுக் கீழே, குரலின் தெளிவுக்கு வேண்டிய பகுதியிலேயே, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கடலோரம் சோபாவின் நடுவில் இருந்து "நன்றாகத்தானே கேட்கிறது" என்று சொல்வார். கதவடியில் சாய்ந்திருக்கும் அப்பாவுக்குச் சொற்களின் மெய்யெழுத்துகள் தேய்ந்துபோய்க் கேட்கும். அவருடைய காதை மட்டும் குறை சொல்லிவிட முடியாது.

இதற்கு வழிகள் உண்டு. ட்வீட்டரை வூஃபரின் நடுவிலேயே பொருத்தும் அமைப்பு ஒன்று இருக்கிறது. கேஈஎஃப் நிறுவனம் 1988 முதல் யூனி-க்யூ என்ற பெயரில் செய்துவருவது அதுவே. நடுச் சுரங்களுக்குத் தனி வூஃபரை வைத்து அதற்கு நேர் மேலே ட்வீட்டரை நிறுத்திய மூவழி நடு ஸ்பீக்கர்களும் நன்றாக இருக்கும். ஒரேயொரு வூஃபர் மட்டும் உள்ள சிறிய நடு ஸ்பீக்கராக இருந்தாலும் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. ஆனால் டவர்களின் வரிசையிலேயே அது இருக்க வேண்டும். இல்லையேல் பாத்திரம் திரையில் நடக்கும்போது குரலின் நிறம் மாறும்.

வாங்காமலே செய்யக்கூடியவையும் உண்டு. நடு ஸ்பீக்கரை அலுமாரியின் விளிம்பு வரை முன்னே இழுத்து, முன்பக்கத்தைச் சற்று நிமிர்த்திக் காதை நோக்க வையுங்கள். ரிசீவரில் நடுச் சனலை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்துங்கள். இரவுப் பயன்முறை என்று ஒன்று இருக்கும். அது வெடிச் சத்தத்தைத் தாழ்த்திப் பேச்சை உயர்த்தும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, அந்த டைல்ஸ் தரையின் மேல் ஒரு தடித்த கம்பளத்தை விரியுங்கள். பன்பாய் போதாது. அது மெல்லியதாகையால் மிக உயர்ந்த சுரங்களை மட்டுமே சற்றுத் தணிக்கும். கண்ணாடிக் கதவுக்குக் கனமான திரைச்சீலை போடுங்கள், படம் பார்க்கும்போது மட்டும் இழுத்துவிட்டால் போதும், கடற்காற்றை அப்பா இழக்க வேண்டியதில்லை.

தவில்நேசன்

மிக நல்ல பதிவு. தம்பி, கடைகளுக்குப் போகும்போது அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். நன்றாகப் பழகிய நான்கு பதிவுகளைக் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள், அவற்றில் ஒன்று வெறும் பேச்சாக இருக்கட்டும். இரண்டு சோடிகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்தாமல் முடிவு செய்யாதீர்கள், ஏனெனில் ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுகூட "இதுதான் நல்லது" என்று காதுக்குத் தோன்றிவிடும். கைப்பேசியிலுள்ள ஒலிமானி செயலி இதற்குப் போதும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை மறைத்து வைத்துக் கேட்கச் செய்தபோது, விலையும் பெயரும் தெரியாத கேட்போர், நேரே தட்டையாகவும் பக்கவாட்டில் சீராகவும் ஒலித்தவற்றையே பெரும்பாலும் தேர்ந்தார்கள். ஆகவே நடுவிலிருந்து மட்டும் கேட்காதீர்கள். எழுந்து பக்கத்தில் போய், அப்பா அமரும் அதே கோணத்தில் நின்றும் கேளுங்கள்.

கடலோரம்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். நான்கு கடைகளில் கேட்டோம். அறிக்கை இதோ.

பம்பலப்பிட்டியில் முதலில் கேட்டது, எட்டு அங்குல வூஃபர் இரண்டு கொண்ட பெரிய சோடி. அகன்ற குளிரூட்டிய மண்டபத்தில் அது என்னைக் கட்டிப்போட்டுவிட்டது, வாங்கிவிடுவது என்றே எண்ணினேன். பிறகு தவில்நேசன் அண்ணா சொன்னபடி தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டு இடந்தலையை மட்டும் கவனித்தேன். வாசிப்பவர் நாதத்தைச் சறுக்கி இறக்குகிறார் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் அந்த மண்டபத்தின் மூலையில் நின்ற அந்தச் சோடியில் ஒவ்வொரு அடியும் ஒரே சுரத்தில் வந்து உட்கார்ந்தது. அந்த மண்டபத்திலேயே இப்படி என்றால், எங்கள் 3.6 மீற்றர் அகல அறையில் என்னவாகும்?

இரண்டாவது கடையில் டாலி நிறுவனத்தின் ஒபெரான் 5 டவர் சோடி. உயரம் 83 சென்ரிமீற்றர்தான், ஐந்தேகால் அங்குல வூஃபர்கள் இரண்டு, 88 டெசிபல், 6 ஓம். பார்க்கச் சிறிதாக இருந்ததால் எனக்கு முதலில் மனம் ஒட்டவில்லை. ஒலியளவைச் சமப்படுத்தியதும் இடந்தலை இறங்குவது தெளிவாகக் கேட்டது. தாழ்வு குறைவுதான், ஆனால் சுரம் தெரிந்தது. அப்பா செய்தி வாசிப்பைக் கேட்டுவிட்டு, பக்கத்துக் கதிரைக்கு மாறி இருந்து இன்னொரு தடவை கேட்டார். "இங்கயிருந்தும் விளங்குது" என்றார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் நான்கு கடை ஏறினேன். மற்ற இரண்டு கடைகளில் கேட்டவையும் நன்றே, ஆனால் ஒன்றில் நாதஸ்வரத்தின் மேல்ஸ்தாயி சற்றுக் குத்தியது, மற்றதற்கு உள்ளூர் உத்தரவாதம் இல்லை. 2024 ஜனவரி முதல் 18 சதவீத வற் வரியும் சேர்கிறது. இவ்வளவு கொடுத்துவிட்டு, பழுதானால் கடல் கடந்து அனுப்ப எனக்கு மனமில்லை.

கடைக்காரர் வைப்புப் பணம் பெற்றுக்கொண்டு மூன்று நாட்களுக்கு வீட்டில் வைத்துக் கேட்க அனுமதித்தார். நீலாம்பரி அக்கா தம்முடைய அளவு மைக்கைத் தந்து உதவினார். இலவச மென்பொருளில் அளந்தபோது, சோபா சுவரோடு ஒட்டி இருக்கையில் 67 ஹெர்ட்ஸில் ஒரு மலை எழுந்து நின்றது, அவர் தாளில் கணக்கிட்டுச் சொன்ன அதே இடத்தில். சோபாவை 60 சென்ரிமீற்றர் முன்னே இழுத்தோம். மலை 6 டெசிபல் அளவுக்குக் குறைந்தது. ஒரு சதம் செலவில்லை. சோபாவுக்குப் பின்னாலான அந்த இடம் இப்போது மகளின் விளையாட்டுப் பொருள்களுக்கு ஆகிவிட்டது. டவர்களை அந்த நிறுவனத்தின் கைநூல் சொல்கிறபடி உள்நோக்கித் திருப்பாமல் நேராகவே நிறுத்தினோம்.

நீலாம்பரி

மனம் நிறைந்தது. நடு ஸ்பீக்கருக்கு என்ன செய்தீர்கள்? கம்பளம்?

கடலோரம்

கம்பளம் விரித்தாயிற்று, திரைச்சீலையும் தொங்குகிறது. கைதட்டினால் அந்த வால் இப்போது இல்லை. நடு ஸ்பீக்கராக அதே வரிசையின் ஒபெரான் வோகலை எடுத்தோம். பக்கத்தில் ஒதுங்கினால் குரல் சற்றுத் தேய்வது அதிலும் எனக்குத் தெரிந்தது. பின்வரிசை சொன்னது பொய்யல்ல. ஆகவே அப்பாவின் கதிரையைக் கதவடியிலிருந்து சற்று உள்ளே நகர்த்தினோம். முதலில் அவர் விரும்பவில்லை. காற்று அங்கும் வருகிறது என்று கண்டதும் இருந்துவிட்டார். நடுச் சனலை 2 டெசிபல் உயர்த்தியிருக்கிறோம். நேற்றிரவு படம் முடியும்வரை இருந்தார், இடையில் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

சப்வூஃபரை இப்போதைக்கு வாங்கவில்லை. கீழ்மாடியில் கைக்குழந்தை உள்ள குடும்பம் வசிக்கிறது, தாழ்சுரம் கொங்கிறீற் தளத்தினூடே இறங்கும் என்பதால் முதலில் அவர்களோடு பேச வேண்டும்.

மரப்பெட்டி ஐயா, கருங்கற் பலகை இரண்டு தேவை. டவரின் அடி 16 சென்ரிமீற்றர் அகலம், 28 சென்ரிமீற்றர் ஆழம். நீங்களே செய்து தருவீர்களா?

மரப்பெட்டி

செய்து தருகிறேன். 35க்கு 45 என்று வெட்டினால் பிள்ளை முட்டினாலும் அசையாது. விளிம்புகளை உருட்டி விடுகிறேன், கால் விரலில் பட்டாலும் வெட்டாது. புதன்கிழமை வந்து அளந்து பார்க்கிறேன். அதுவரை டவர்களின் கீழ் ஒரு தடித்த பிளாஸ்ரிக் தட்டை வைத்துவிட்டு, தரை துடைப்பவர்களிடம் அந்த மூலையில் ஈரத் துணி போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.